தோமையர் துயிலிடம் யாது?

(மதுரையில் நம் உறவின்முறைக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

 இலக்கணமும் இலக்கியமும் பயிற்றுவதையே தொழிலாகக் கொண்டு இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்ட எளியேனை, ஒரு சரித்திர வழக்கினை எடுத்துப் பேசுமாறு நம் செயலாளர் பணித்தனர். ‘தமிழ்ப் பண்டிதனுக்குச் சரித்திரத்தில் என்ன வேலை?’ என்று யான் தயங்கினேன். ‘நூலுக்கு உரை காண்கின்றவர் ஊருக்கு உரை காணலாகாதோ?’ என்று அவர் என் வாயை அடைத்துவிட்டனர். குற்றங்கள் காணப்படின் பொறுத்தருளுமாறு அவையோரை முதற்கண் வேண்டிக்கொள்கின்றேன்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒன்று உண்டு. நம் உறவின்முறையில் திருநீறு பூசுவோரும் உளர். சிலுவை அணிவோரும் உளர். கோயிலுக்கும் மாதாகோயிலுக்கும் தனித்தனியே சென்றாலும், கலியாணப் பந்தியில் ஒரே வரிசையில் அமர்ந்து உண்கின்றோம். சென்ற கோடையில் நம் பிள்ளைகள் சென்னைக்குச் சுற்றுலாச் சென்று, மயிலாப்பூரில் கபாலீசுவரரையும் தரிசித்து, சாந்தோம் பேராலயத்தையும் கண்டு மீண்டனர். மீளும் வழியில் வண்டிக்குள் ஒரு சண்டை மூண்டது. ‘ஏசுநாதரின் நேர்ச் சீடராகிய தோமையர் அடக்கமான இடம் அதுவே’ என்றான் ஒரு பையன். ‘அது எல்லாம் கட்டுக்கதை, அது கபாலியின் பழைய கோயில் இருந்த இடம்’ என்றான் மற்றொருவன். பிள்ளைகள் சண்டை பிள்ளைகளோடு நில்லாமல் வீட்டுப் பெரியோர் வரையில் வந்தது. இரண்டு சம்பந்தி வீட்டார் சில நாள் முகங்கொடுத்துப் பேசாமலும் இருந்தனர். ஆதலின் அவ்வழக்கினைப் பொதுவில் வைத்து ஆராய்வது நலமென்று பெரியோர் கருதினர்.

வழக்கு என்றவுடன் நம்மவர்க்கு நீதிமன்றம் நினைவிற்கு வரும். நிலவழக்கில் நீதிபதி முதலில் செய்வது யாது? எவ்வெவ் வினாக்களுக்கு விடை காண வேண்டும் என்று வகுத்துக்கொள்வதேயாம். நாமும் அவ்வாறே மூன்று வினாக்களாக வகுத்துக்கொள்வோம். தோமையர் இந்தியாவிற்கு வந்தாரா என்பது ஒன்று. வந்தவர் எவ்விடத்தில் இறந்தார் என்பது இரண்டு. அவர் உடல் இன்று எங்கே உளது என்பது மூன்று. மூன்றனையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே சச்சரவு விளைகின்றது. ஒன்றற்கு உரிய சான்று மற்றொன்றற்குச் சான்றாகாது.

முதல் வினாவினை நோக்குவோம். தோமையர் இந்தியாவிற்கு வந்த செய்தியை விரித்துக் கூறும் மிகப் பழைய நூல் ‘தோமையர் பணிகள்’ என்பது. அது சிரியாக் மொழியில், கி. பி. 3-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எடெஸ்ஸா நகரைச் சார்ந்து தோன்றியதாக ஆராய்ச்சியாளர் கொள்வர். எடெஸ்ஸா என்பது இன்று துருக்கி நாட்டில் உர்பா என வழங்கும் ஊர். அந்நூல் கதைச்சுவை மிகுந்தது, அற்புதங்கள் நிறைந்தது. இந்திய அரசனொருவன் தனக்கு அரண்மனை கட்டுமாறு தோமையரிடம் பொன் கொடுத்ததாகவும், அவர் அதனை ஏழைகட்கு வழங்கிவிட்டு, ‘உன் அரண்மனை விண்ணுலகில் எழும்பியுள்ளது’ என்று கூறியதாகவும் அதில் வருகின்றது. அவ்வரசன் பெயர் கோண்டபோரஸ். நெடுங்காலம் இப்பெயரைக் கற்பனைப் பெயர் என்றே பலர் தள்ளினர். 19-ஆம் நூற்றாண்டில் ஆப்கானிஸ்தானத்திலும் பஞ்சாபிலும் அப்பெயர் பொறித்த நாணயங்கள் வெளிப்பட்டன. அவன் ஆட்சியாண்டைக் குறிக்கும் கல்வெட்டும் தக்த்-இ-பாகி என்னும் இடத்திற் கிடைத்தது. அவன் கி. பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் வடமேற்கே ஆண்டவன் என்று பெரும்பாலோர் இன்று கொள்கின்றனர். கதை என்று எறியப்பட்ட நூலில் ஓர் உண்மையான அரசன் இருந்தான். ஆயினும், அரசன் மெய்யாக இருந்தமையால் அவன்பாற் சொல்லப்பட்ட கதை முழுவதும் மெய்யாகிவிடாது. இவ்விரண்டனையும் மறவாதீர்கள்.

தென்னாட்டு வரவு வேறு. கி. பி. 52-இல் தோமையர் கொடுங்கல்லூர்ப் பக்கத்தில் வந்திறங்கினார் என்றும், 72-இல் மயிலையில் உயிர்துறந்தார் என்றும் கேரளக் கிறித்தவர் வழிவழியாகக் கூறுவர். அக்காலத்தே அக்கடல் வழி திறந்திருந்ததா? திறந்தே இருந்தது. முசிறிக்கு யவனர் மரக்கலங்கள் மிளகு வேண்டி வந்ததனைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். முசிறிக்கும் அலெக்சாந்திரியாவுக்கும் இடையே நடந்த வாணிகம் பற்றிய கடன் ஒப்பந்தம் ஒன்று, 2-ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது, பாபிரஸ் ஏட்டில் எழுதப்பெற்று இன்றும் வியன்னா நகரத்தில் உள்ளது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியர் பிளினி, பாண்டிய மன்னனையும் நம் மதுரையையும் பெயர் சுட்டி எழுதியுள்ளார். மிளகு மூட்டைக்குக் கப்பல் வந்த வழியில் ஒரு துறவி வருதல் அரிதன்று. வரக்கூடும் என்பதற்குச் சான்று மிகுதி. வந்தார் என்பதற்கு அக்காலத்துக் கல்லோ ஏடோ தென்னாட்டிற் கிடைத்திலது. முதல் வினாவிற்கு நேர்மையான விடை இதுவேயாகும்.

இனி இரண்டாம் வினா. அவர் இறந்த இடம் யாது? மேற்கூறிய பழைய நூல், மஸ்தாய் என்னும் அரசனின் ஆணையால் நான்கு வீரர் அவரை ஊர்ப்புறத்து மலைமேல் கொண்டுசென்று வேலாற் குத்திக் கொன்றனர் என்றும், பழைய அரசர்களின் கல்லறையில் அவரை அடக்கஞ் செய்தனர் என்றும் கூறுகின்றது. மலை உண்டு, ஊரின் பெயர் இல்லை. ஊரின் பெயர் பிற்கால நூல்களிலேதான் காணப்படுகின்றது. ‘கலமினா’ என்பது அப்பெயர். 7-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த இசிதோர் என்னும் அறிஞரும் அப்பெயரைக் குறித்துள்ளார். இக்கலமினா எங்கே உளது என்பதனை இந்நாள் வரையில் எவரும் ஐயமற நிறுவிலர்.

இங்கேதான் தமிழ்ப் பண்டிதனுக்கு வேலை வருகின்றது. ‘கல்லின்மேல்’ என்னும் தமிழ்த் தொடரே கலமினா எனத் திரிந்தது என்பாரும், ‘சின்னமலை’ என்பதே அவ்வாறு சிதைந்தது என்பாரும் உளர். கேட்பதற்கு இனிதாகவே உளது. ஆயினும், ஓசை ஒத்தமையால் மட்டும் ஊர் ஒன்றாகிவிடாது. சான்றாக, சென்னைக்கருகே தோமையர் மலை எனப்படுவதற்குப் பரங்கிமலை என்று பெயர். என் வகுப்பில் ஒரு மாணவன், ‘ஐயா, பரங்கிமலையும் நம் திருப்பரங்குன்றமும் உடன்பிறந்த மலைகள்தாமே?’ என்று வினவினான். அறிவுடைய பையன்தான், ஓசை அவனை ஏமாற்றிவிட்டது. நம் பரங்குன்றம் சங்க நூல்களிலேயே உள்ள பழம்பெயர். அந்த மலையோ போர்த்துக்கீசியராகிய பறங்கியர் குடியிருந்தமையால் பெயர் பெற்றது என்பர் ஒரு சாரார். பிருங்கி முனிவர் தவஞ்செய்த மலை என்பர் மற்றொரு சாரார். ஒரே பெயர்க்கு ஒவ்வொரு சமயத்தாரும் தத்தமக்கு இயைந்த பொருள் காண்பது மனித இயல்பு. ஆதலின் பெயரைக் கொண்டு இடத்தைத் துணிதல் ஆற்று மணலிற் கடைக்கால் நாட்டுதல் போலும்.

பெயரை விட்டு, போய்க் கண்டோர் சொற்களைக் கேட்போம். 6-ஆம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்தில் இருந்த தூர் நகர் ஆயர் கிரெகோரி என்பார், தோமையர் உடல் முதலில் அடங்கியிருந்த இந்திய இடத்தில் ஒரு மடமும் பெரிய கோயிலும் உள்ளன என்று, அங்குச் சென்றுவந்த தெயோதோர் என்பவர் வாய்க் கேட்டு எழுதினார். அவரும் ஊரின் பெயரைக் கூறவில்லை. அதன் பின் பல நூற்றாண்டுகள் கழித்து, ஏறத்தாழ 1292-ஆம் ஆண்டளவில், வெனிஸ் நகரத்து வணிகர் மார்க்கோ போலோ நம் கடற்கரைக்கு வந்தார். அவர் மாபார் என்று குறிப்பது பாண்டியர் ஆணை நடந்த நாடு. மாறவர்மன் குலசேகர பாண்டியர் மதுரையில் வீற்றிருந்த காலம் அது. தோமையர் உடல் மாபார் நாட்டில் ஒரு சிற்றூரில் உளது என்றும், சரக்கு ஒன்றும் கிடையாமையால் வணிகர் அங்குப் போவதில்லை என்றும், கிறித்தவரேயன்றி முகம்மதியரும் யாத்திரை செல்கின்றனர் என்றும், அவ்விடத்துச் செம்மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சல் கண்டார்க்குக் கரைத்துக் கொடுக்கின்றனர் என்றும் அவர் எழுதியுள்ளார். அதே ஆண்டுகளில் மொந்தேகொர்வினோ யோவான் என்னும் துறவி, சீன நாட்டிற்குச் செல்லும் வழியில் இந்தியாவில் தோமையர் கோயிலைச் சார்ந்து பதின்மூன்று மாதம் தங்கினார். அவர் தோழரொருவர் அங்கேயே இறந்து அடக்கமானார். 14-ஆம் நூற்றாண்டில் ஒதோரிக்கும், 15-ஆம் நூற்றாண்டில் நிக்கோலோ கொந்தியும் வந்தனர். கொந்தி எழுதிய ஊர்ப்பெயரில் மயிலாப்பூர் என்னும் ஓசை தெளிவாகவே கேட்கின்றது.

மயிலைக்குச் சாதகமான வேறிரண்டு சான்றுகளும் உள. 1547-ஆம் ஆண்டில் பரங்கிமலைமேல் கட்டடம் எழுப்பத் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய கல்லொன்று வெளிப்பட்டது. அதனைச் சூழ்ந்துள்ள எழுத்து பழம் பாரசீக நாட்டின் பகலவி எழுத்து. அதனையொத்த கற்கள் கோட்டயம் முதலிய கேரள ஊர்களிலும் உள்ளன. பறங்கியர் வருமுன்னரே, பல நூற்றாண்டுகட்கு முன், பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் அம்மலையில் வழிபட்டனர் என்பதற்கு அக்கல்லே சாட்சி. தோமையர் காலத்தது அன்று அது. ஆயினும் பறங்கியர் புனைந்தது என்று தள்ளவும் இயலாதது. மற்றொன்று கேரளக் கிறித்தவரின் வாய்ச்சான்று. தோமையரால் மதம் பெற்றோம் என்று பெருமை கொள்வோர், அவர் கல்லறையையும் தம் நாட்டிலேயே உளது என்று சொல்லிக்கொண்டிருக்கலாம் அன்றோ? அவ்வாறு சொல்லாமல், மலை கடந்து சோழமண்டலக் கரைக்கே யாத்திரை வந்தனர். தன் வாயாற் பிறனுக்கு நிலம் எழுதிக் கொடுப்பவன் சாட்சியத்தை நீதிமன்றம் எளிதிற் புறக்கணிப்பதில்லை. நெடுங்காலம் யாத்திரை நிகழ்ந்த கல்லறைத் தலமாக இந்தியாவில் மயிலைக்கு எதிராக வேறோர் ஊர் காட்டப்பட்டதும் இல்லை.

இங்கு ஒன்று கூற வேண்டும். அவர் எவ்வாறு இறந்தார் என்பதிலும் கதைகள் தம்முள் ஒவ்வா. பழைய நூலில் அரசன் ஆணைபெற்ற வீரர் கொன்றனர். மார்க்கோ போலோ கேட்ட கதையில், மயில் வேட்டையாடிய ஒருவன் எய்த அம்பு தவறிப் பட்டது. கொல்லும் எண்ணம் அவனுக்கு இல்லை. பிற்காலக் கதைகளிலோ பழி ஒரு வகுப்பார்மேல் ஏற்றப்பட்டது. காலம் செல்லச் செல்லக் கதையில் பகைமை புகுந்தமையைக் கண்டீர்களா? ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டுகட்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கொலைக்கு இன்று அடுத்த தெருவில் வாழ்வாரைச் சினத்தல் என்ன நீதி? பிறர் நம் முன்னோர்மேல் ஏற்றிய பழிச்சொற்களைச் சுமந்து வருந்திய நாம், இதனைப் பிறரினும் நன்கு உணர்தல் வேண்டும்.

மூன்றாம் வினா, உடல் எங்கே என்பது. பழைய நூல் முடியுமிடத்து ஓர் அரிய செய்தி உளது. அரசனுடைய மகன் நோயுற்றபோது, தோமையர் எலும்பொன்றை எடுத்து அவன்மேற் சார்த்தலாம் என்று அரசன் கல்லறையைத் திறந்தான். எலும்பு இல்லை, அடியாரொருவர் அதனை மேல்நாட்டிற்குக் கொண்டுபோய்விட்டார். எலும்பு கிடந்த இடத்து மண்ணை எடுத்துச் சார்த்தினான், மகன் பிழைத்தான். இதற்கு ஒத்தாற்போல், 373-இல் மறைந்த சிரியாக் புலவர் எப்ரேம், வணிகரொருவர் இந்தியாவிலிருந்து தோமையர் எலும்புகளை எடெஸ்ஸாவுக்குக் கொணர்ந்ததனைப் பாடியுள்ளார். அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எகேரியா என்னும் பெண்மணி எடெஸ்ஸாவுக்கு யாத்திரை சென்று தோமையர் திருவிடத்தை வணங்கினார். 394-இல் எலும்புகள் அந்நகரத்துப் பேராலயத்தில் வைக்கப்பட்டன. 1144-இல் எடெஸ்ஸா போரில் வீழ்ந்தது. பின் அவை கியோஸ் தீவிலிருந்து 1258-இல் இத்தாலி தேசத்து ஒர்த்தோனா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்பது அந்நகரத்தார் வழக்கு. இன்றும் அங்கே வழிபாடு நிகழ்கின்றது. அங்கிருந்து ஓர் எலும்பு 1953-இல் கொடுங்கல்லூர்ப் பக்கம் வந்து சேர்ந்தது.

ஆயின், மயிலையில் யாது இருந்தது? 1523-இல் போர்த்துக்கீசியர் அங்கிருந்த பாழ்பட்ட கட்டடத்தைப் புதுப்பிக்கையில் கல்லறையைத் தோண்டினர். எலும்புகளும், வேல்முனையொன்றும், மண் நிறைந்த கலமொன்றும் கிடைத்தன என்று உடனிருந்தோர் பின்னர் வாக்குமூலம் கொடுத்தனர். எடெஸ்ஸாவுக்குச் சென்றது முழு உடலாயின் மயிலையில் கிடைத்தது யாருடையது? ஒரு பகுதி சென்று ஒரு பகுதி நின்றது என்பர் திருச்சபையைச் சார்ந்தோர். கண்டெடுத்தோர் தாம் எதிர்பார்த்ததையே கண்டனர் என்பர் ஐயுறுவோர். 1905-இல் மெட்லிகாட் என்னும் ஆயர் மயிலைக்கு ஆதரவாகப் பெரிய நூலே எழுதினார். அதன் பின்னும் ஐயம் ஓயவில்லை. 2006-இல் போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட் ஆற்றிய உரையில் தோமையர் தென்னாட்டு வரவு தெளிவுறக் கூறப்படவில்லை என்று கேரளத்தார் வருந்தவே, அவ்வுரையின் வாசகம் திருத்தி வெளியிடப்பட்டது.

எளியேன் இங்கு நம் நாட்டு வழக்கமொன்றை நினைவூட்டுவேன். பஞ்சத்திற்கும் பகைக்கும் அஞ்சி ஊர் விட்டு ஊர் பெயர்ந்த நம் முன்னோர், குலதெய்வத்தின் கோயிலில் ஒரு பிடி மண் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தனர். வந்த ஊரில் அம்மண்ணை வைத்துக் கோயில் எழுப்பினர். பிடிமண் கோயில் என்று அதனைக் கூறுகின்றோம். பிடிமண் கோயிலில் சாமி இல்லை என்று எவரேனும் கூறுவரோ? மண் எடுத்தமையால் ஆதிக்கோயிலிற் சாமி நீங்கிற்று என்றுதான் கூறுவரோ? இரண்டும் இல்லை. பழைய நூலில் அரசன் மகனைக் காத்தது மண். மார்க்கோ போலோ கண்ட யாத்திரிகர் எடுத்துச் சென்றது மண். 1523-இல் கலத்தில் இருந்ததும் மண். எலும்பு எடெஸ்ஸாவுக்குச் சென்றது, ஒர்த்தோனாவுக்குச் சென்றது. மண் இருந்த இடத்தில் இருந்தது. அதனைத் தேடி மனிதர் வந்துகொண்டேயிருந்தனர். நம் மதுரையில் 1606-இல் வந்து தமிழும் வடமொழியும் பயின்ற தத்துவ போதகராகிய நோபிலி அடிகள், 1656-இல் தம் இறுதி மூச்சை விட்டதும் அந்த மயிலையிலேயே.

இனி, பையன்களில் மற்றொருவன் கூறியதற்கும் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். அவன் கூற்றிலும் உண்மை உண்டு; அதனை மறைத்தல் நேர்மையன்று. திருஞான சம்பந்தர் பூம்பாவையை எலும்பினின்றும் எழுப்பப் பதிகம் பாடிய மயிலைக் கபாலீச்சரம் கடற்கரையை அடுத்திருந்தது என்பது இலக்கியங்களால் அறியப்படுவது. அருணகிரிநாதர் பாடலும் அதற்குத் துணை. இன்றுள்ள கோயில் அலைவாய்க்கரையில் இல்லை, பிற்காலத்தில் எடுப்பிக்கப்பட்டது. சாந்தோம் பகுதியில் கோயிற் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. 1920-களில் அங்கு அகழ்ந்து ஆராய்ந்த ஹோஸ்டன் என்னும் கிறித்தவத் துறவியே அக்கோயிற் சின்னங்களையும் கிறித்தவச் சின்னங்களையும் பதிந்து வைத்தார். போர்த்துக்கீசியர் கோட்டை கொத்தளம் எழுப்பிய காலத்தில் பழைய கோயில் அழிந்தது என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. அது சரியாக எவ்விடத்தில் நின்றது என்பது தீராத வழக்கு. பறங்கியர் செய்தது தவறாயின் தவறே. அத்தவற்றினால், அவர்க்கு இருநூறு ஆண்டுக்கு மேல் முன்னரே மார்க்கோ போலோ கேட்டறிந்த கல்லறை இல்லாமற் போய்விடாது. கல்லறை இருந்தமையால் தவறு சரியாகிவிடவும் மாட்டாது.

அக்கரையில் மூன்றாவதாக ஒருவரும் இருந்தனர். அவரை நாம் மறந்தே போனோம். நன்னூலுக்கு முதலில் உரை கண்டவர் மயிலைநாதர் என்னும் சமணர். நேமிநாதம் என்னும் இலக்கண நூலுக்கு அப்பெயர் வந்தது மயிலையில் எழுந்தருளியிருந்த நேமிநாத தீர்த்தங்கரராலே. கடல் கொள்ளும் என்று அஞ்சி அத்திருவுருவை மேல்சித்தாமூருக்குக் கொண்டுபோயினர் என்பது சமணர் வழக்கு. அக்கோயில் நின்ற இடத்திற்கு இன்று வழக்காடுவார் இல்லை. இலக்கண நூலின் பெயரில் மட்டும் அது நிலைத்துள்ளது. நம் மதுரையைச் சூழ்ந்த யானைமலையையும் கீழக்குயில்குடிச் சமணர் மலையையும் கண்டோர்க்கு அதன் பொருள் விளங்கும். ஒரு கரையில் மூன்று சமயத்தார் தொழுதனர். திருவள்ளுவரும் அவ்வூரினர் என்பது வழக்கு. அவ்வொன்றைப் பற்றிக்கொண்டு, 1886-இல் குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த போப்பையர், வள்ளுவர் அக்கடற்கரையில் கிறித்தவ ஆசிரியரோடு உலாவியதாகக் கற்பனை செய்தார். தமிழன்பினால் எழுந்த கற்பனை, ஆயினும் கற்பனை. பின்வந்தோர் சிலர் அதனைச் சரித்திரமாகவே கொண்டனர். இவ்வாறே அன்பும் சில வேளை உண்மைக்குப் பகையாகின்றது.

தீர்ப்பினைத் தொகுத்துக் கூறுவேன். தோமையர் தென்னாடு வந்திருத்தல் இயலும். அக்காலத்து நேர்ச்சான்று இல்லை. இந்தியாவில் அவர் கல்லறை உளது என்னும் வழக்கு 6-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. மயிலைக் கரையே அவ்விடம் என்பது 13-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் தெளிவாகத் தெரிகின்றது. இடைப்பட்ட காலம் இருள். எலும்புகளுக்கு மிகப் பழைய எழுத்துச் சான்று எடெஸ்ஸாவைச் சார்ந்தது. இன்று 1896-இல் திருநிலைப்படுத்தப்பெற்று விளங்கும் பேராலயத்தில் முழந்தாளிடுவோர், ஏழு நூற்றாண்டுக்குக் குறையாமல் மனிதர் முழந்தாளிட்ட இடத்தில் முழந்தாளிடுகின்றனர். அதற்கு ஐயமே இல்லை. அதற்கு மேற்பட்டது நம்பிக்கை. நம்பிக்கைக்கு ருசு வேண்டுவதில்லை. ருசு என்று பொய்யை நீட்டாமல் இருந்தாற் போதும்.

பெரியோர்களே! இதனை இவ்வளவு விரித்துச் சொன்னது பிறர் வழக்கைத் தீர்ப்பதற்கு மட்டும் அன்று. என் வீட்டு வழக்கொன்று உண்டு. எங்கள் பங்காளிகளுக்கு வைகைக்குத் தெற்கே இரண்டு ஊர்களில் இரண்டு குலதெய்வக் கோயில்கள். எது ஆதிக்கோயில், எது பிடிமண் கோயில் என்பதில் தகராறு மூண்டு, முதல் மரியாதைக்காக நீதிமன்றம் வரையில் சென்றது. எங்கள் பக்கத்தார் ஒரு செப்பேட்டைக் கொணர்ந்தனர். திருமலை நாயக்கர் காலத்தது என்றனர். ‘நீ பண்டிதன், படித்துப் பார்த்து எழுதிக் கொடு’ என்று என் சிறிய தந்தையார் என் கையிற் கொடுத்தார். படித்தேன். அதில் ஏகாரத்திற்கு இரட்டைச் சுழிக்கொம்பு இடப்பட்டிருந்தது. நெடில் ஏகாரத்தையும் ஓகாரத்தையும் அவ்வாறு வேறுபடுத்தி எழுதும் முறையை 18-ஆம் நூற்றாண்டில் நடைமுறைக்குக் கொணர்ந்தவர் வீரமாமுனிவர். 1659-இல் மறைந்த நாயக்கர் காலத்துக் கொல்லன் அவ்வெழுத்தை எங்ஙனம் அறிந்திருத்தல் கூடும்? இரவெல்லாம் எனக்கு உறக்கமில்லை. விடிந்ததும், ‘சித்தப்பா, இஃது அக்காலத்தது அன்று, யான் எழுதிக் கொடுக்கமாட்டேன்’ என்றேன். இரண்டு ஆண்டு அவர் என் வீட்டில் தண்ணீர் அருந்தவில்லை. என் மகளின் காதணி விழாவிற்கும் வரவில்லை. அந்த வருத்தம் இன்றும் என் நெஞ்சில் உளது. ஆயினும், கிறித்தவத் துறவி ஒருவர் திருத்திய எழுத்து என் குலதெய்வத்தின் பெயரால் எழுந்த பொய்யொன்றைத் தடுத்தது என்று எண்ணும்போது, சமயம் கடந்து அவருக்கு ஒரு வணக்கம் செலுத்தத் தோன்றுகின்றது.

நம் உறவின்முறையின் வரலாற்றை நூலாக்கக் குழுவொன்று அமைந்துள்ளது, மிக்க மகிழ்ச்சி. நாம் அரச மரபினர் என்று சிலர் எழுதித் தருவர். இன்ன ஊரிலிருந்து இன்ன ஆண்டில் வந்தோம் என்று சிலர் கூறுவர். அக்குழுவினருக்கு எளியேன் செய்யும் விண்ணப்பம் ஒன்றே. ஒவ்வொரு செய்திக்கும் எதிரில், இது பாட்டி சொல்லக் கேட்டது, இது இன்ன ஆண்டு ஏட்டில் எழுதியிருப்பது, இது இன்ன ஊர்க் கல்லில் யாமே கண்டது என்று மூவகையாகப் பிரித்து எழுதுக. பாட்டி சொன்னதை எறிந்துவிட வேண்டுவதில்லை. எறிந்தால் கோண்டபோரசை எறிந்தது போலாகும். அதனைக் கல்வெட்டென்று சாதிக்கவும் வேண்டுவதில்லை. சாதித்தால் என் கைக்கு வந்த செப்பேடு போலாகும். நம் முன்னோர் வெயிலிலும் மழையிலும் உழைத்து, மகமை திரட்டி, பள்ளி கண்டு, நம்மை இவ்வவையில் நிமிர்ந்து அமரச் செய்தனர். அவர் பெருமைக்கு அவ்வுண்மையே போதும்.

வண்டியிற் சண்டையிட்ட அவ்விரு பிள்ளைகளும் முன்வரிசையில் அருகருகே அமர்ந்திருப்பதைக் காண்கின்றேன். அடுத்த கோடையில் அவர்களை மீண்டும் மயிலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவன் இவனுடன் கபாலியின் வாயிலில் நிற்கட்டும். இவன் அவனுடன் தோமையர் கல்லறையில் நிற்கட்டும். பின்னர் இருவரும் கடற்கரைக்குச் சென்று, நேமிநாதர் கோயில் எங்கே இருந்திருக்கும் என்று தேடட்டும்.